ஏத்தத்தைக் கூட ஏறிரலாம்... மலையடிக்குப் போய்ச் சேர்றதுதான் பாடு!

*பொதிகை அடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியிலிருந்து மலைச் சாலைகளைத் தேடி ஒரு சைக்கிள் பயணம்*

காலை ஐந்தே கால். ஆழ்வார்குறிச்சி மெயின் ரோட்டு டீக்கடையில் பாய்லர் இப்போதுதான் சீறத் தொடங்கியிருக்கிறது. கடைச் சுவரில் மூன்று சைக்கிள்கள் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது. சுவர் இல்லாவிட்டால் நிற்காது.

இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க வந்த பெரியவர் தன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நேராக அந்த மூன்றிடம் வந்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. சீட்டைத் தடவினார். ஒரு விரலால் பாரைத் தூக்கிப் பார்த்து, அது தூக்கிய வேகத்துக்கு வந்துவிடவும் சிரித்துவிட்டார்.

"என்ன வெல தம்பி?"

சொன்னோம்.

"அம்புட்டுக்கா? பைக்கே எடுத்துறலாமேய்யா!"

டீயை ஒரே மூச்சில் குடித்தார், கேரியரைத் தட்டினார், ஏறினார், போய்விட்டார். நாங்கள் ஹெல்மெட் வாரை மாட்டி, கையுறை போட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் அவருடைய பின்விளக்குக் கண்ணாடி முக்கில் திரும்பி மறைந்தது. ஊரில் உண்மையான சைக்கிள்காரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

மேற்கே மலை கருஞ்சுவராக நின்றது. இந்தப் பக்கத்து விடியலில் ஒரு விசேஷம் உண்டு. கிழக்கே சூரியன் தலைகாட்டும் நேரத்தில் முதல் வெயில் வயலில் விழாது. மேற்கே உச்சியில் விழும். அங்கிருந்து பாறை பாறையாக, காடு காடாக இறங்கி, கடைசியில்தான் வாழைத் தோட்டத்துக்கு வந்து சேரும். நாங்கள் ஏறப் போகும் திசையிலிருந்து வெயில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

கொரோனா காலத்துக்குப் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக ஒரு கூட்டம் தட்டுப்படுகிறது. டாக்டர், வாத்தியார், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் எல்லோரும் கலந்த கூட்டம். சமதளத்தில் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டி முடித்ததும் எல்லோருக்கும் அடுத்த ஆசை ஒன்றுதான்: மலை ஏற வேண்டும்.

வீட்டு மாடியில் நின்றால் பொதிகை தெரிகிறது. ஆனால் ஏறுவதற்கு இவர்கள் காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கும் கொல்லிமலைக்கும் போகிறார்கள். கண்ணெதிரே மலை இருக்க, காரில் ஏன் போக வேண்டும்? பதிலைத் தேடித்தான் ஆழ்வார்குறிச்சியில் முதல் மிதி.

எட்டு அணை, எட்டுச் சாலை

ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம் – தென்காசி சாலையில், மலையை ஒட்டிக் கிடக்கும் பேரூர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலியிலிருந்து அந்தப் பக்கம் போனது. சிம்ப்சன், டாஃபே டிராக்டர் என்று மோட்டார் தொழிலில் பெரும்பெயர் எடுத்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் அனந்தராமகிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். நாட்டுக்கு எஞ்சின் கொடுத்த ஊரில், எஞ்சின் இல்லாத வண்டியில் கிளம்பியிருந்தோம்.

நெல்லை, தென்காசிக்காரர்களிடம் மலையின் உயரத்தைக் கேட்டால் யோசிப்பார்கள். அணையின் உயரத்தைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. மழைக்காலத்தில் பேப்பரைப் பிரித்ததும் கண் போகும் இடம் அதுதான்.

சைக்கிள்காரனுக்கு அந்தப் பட்டியல் ரூட் மேப். எட்டு அணையும் மலை மடியில் இருக்கின்றன. எட்டுக்கும் சாலை போகிறது. அணையை நோக்கிப் போகும் சாலை கடைசியில் ஏறித்தானே ஆக வேண்டும்! தண்ணீர் எந்த வழியில் இறங்கி வந்ததோ அந்த வழியை எதிர்த்துப் போவதுதான் இந்த விளையாட்டு.

நந்தி எழும்பும் இடம்

ஆழ்வார்குறிச்சியிலிருந்து சிவசைலம் ஆறேழு கிலோமீட்டருக்குள். பார்த்தால் சமதளம். இரு பக்கமும் நெல்லும் வாழையும். ஆனால் மிதிக்க மிதிக்க, பிரேக் எங்கோ உரசுகிறதோ என்று சந்தேகம் வரும். இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. திரும்பிப் பார்த்தால்தான் சூட்சுமம் விளங்கும்: பின்னால் ஊர் தாழ்ந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தைத் தொடை முதலில் கண்டுபிடித்துவிடுகிறது.

சிவசைலம் கோயில் நந்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்ற ஊர் நந்திகளைப் போல நிம்மதியாகப் படுத்திருக்காது. இதோ எழும்பப் போகிறேன் என்கிற கோலம். ஏற்றம் முறுகும்போது சைக்கிள்காரனும் அப்படித்தான். சீட்டிலிருந்து பாதி எழும்பி, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு பெடல் மீது போடுவான். அந்த நொடியில் சைக்கிள் இடமும் வலமும் தலையாட்டும்.

அங்கிருந்து கடனா அணைக்குச் சில கிலோமீட்டர். அணைக்குப் போகும் கடைசிப் பகுதியில்தான் முதல் உண்மையான ஏற்றம். நீளம் இல்லை, ஆனால் கியர் மாற்றத் தெரியாதவனுக்குப் பாடம் நடத்தப் போதும். முறுகிய பிறகு கியரைத் தட்டினால் செயின் கரகரவென்று அழும்; சில சமயம் கழன்று தொங்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே, கால் இன்னும் லேசாகச் சுற்றும்போதே, மாற்றிவிட வேண்டும். புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் கற்க வேண்டிய வித்தை இது.

இரண்டாவது பாடம்: இருட்டில் வரக்கூடாது. 2022 நவம்பரில் இதே சிவசைலம் பக்கம், பெத்தான்பிள்ளைக் குடியிருப்பு அருகே, பைக்கில் போன வியாபாரியைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடியவர்களையும் கடித்துக் குதறியது. சிறுத்தை ஊருக்குள் இறங்குவதும் மலையடிவாரத்துக்குப் புதிதில்லை. பால்காரரைப் போல விடியுமுன் இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. விளையாட்டுக்கு ஓட்டுகிறவர்களுக்கு வெளிச்சம் வரும்வரை டீ குடிக்க நேரம் உண்டு.

---

■ ஏற்றக் கணக்கு

• 100 மீட்டர் தூரம் போவதற்குள் 8 மீட்டர் உயர்ந்தால் அது 8 சதவீத ஏற்றம். 4 சதவீதம் வரை பேசிக்கொண்டே ஏறலாம். 8-க்கு மேல் பேச்சு தானாக நின்றுவிடும். 12-க்கு மேல் எண்ணம் முழுவதும் அடுத்த மரத்தின் மீது இருக்கும்.

• 70 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள். 1,000 மீட்டர் உயரம் ஏறுவதற்கான வேலை மட்டும் சுமார் 187 கிலோ கலோரி. உடம்பு தின்பதில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகும். மீதி சூடாகி வியர்வையாகும். ஆக, சுமார் 750 கிலோ கலோரி வேண்டும். ஒரு இட்லிக்கு 50 என்று வைத்தால் 15 இட்லி!

• அதே ஆள் 20 கிலோ பழைய சைக்கிளில் ஏறினால் வேலை எட்டில் ஒரு பங்கு கூடும். அது பெரிதில்லை. சிக்கல் கியரில். பழைய சைக்கிள் ஒரு சுற்று மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். கியர் சைக்கிளின் ஆகக் குறைந்த கியரில் இரண்டு மீட்டர் சொச்சம்தான். ஒரே ஏற்றத்தை ஒருவர் இரண்டு படி, மூன்று படியாகத் தாவுகிறார். மற்றவர் படிப்படியாக ஏறுகிறார்.

---

இரண்டு கேட்

நல்ல ஏற்றம் என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பெயர் சொல்வார்கள். இரண்டுக்கும் வாசலில் கேட் உண்டு.

முதலாவது பாபநாசம். விக்கிரமசிங்கபுரத்தில், அருவித் தண்ணீரை நம்பி 1880களில் ஹார்வி மில் வந்த காலத்திலிருந்து, ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மனிதர்கள் வந்து போன பாதை. பாபநாசநாதர் கோயிலைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து முண்டந்துறை நோக்கி ஏறுகிறது. உள்ளே சொரிமுத்தையனார் கோயில், சேர்வலாறு, காரையாறு அணை. ஆடி அமாவாசைக்கு வண்டி வண்டியாகச் சனம் போகும் வழி. ஆனால் அடிவாரத்திலேயே வனத்துறை சோதனைச் சாவடி. எப்போது விடுவார்கள், எந்த வண்டியை விடுவார்கள் என்பது காட்டு நிலவரத்தையும் காலத்தையும் பொறுத்தது.

இரண்டாவது மாஞ்சோலை. தென்கோடித் தமிழகத்தின் அபாரமான ஏற்றம் எதுவென்றால் இதுதான். மணிமுத்தாறு அணை, அருவி, அதற்கு மேல் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அடிவாரத்துப் புழுக்கத்தில் தொடங்கி, ஆயிரம் மீட்டருக்கு மேலே தேயிலைக் குளிரில் முடியும் சாலை. ஊத்தும் நாலுமுக்கும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் தமிழ்நாட்டு மழைப் பட்டியலில் முதலிடத்துக்கு அடித்துக்கொள்ளும் ஊர்கள். அந்த மழையில் சாலை என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே வனத்துறையின் முன்அனுமதி இல்லாமல் வெளியூர்க்காரர் ஏற முடியாது. அனுமதியும் நாலுசக்கர வண்டிக்குத்தான். சைக்கிளில் போய் நின்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் இணைந்து 1988-ல் உருவான புலிகள் காப்பகம் இது; தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மையப் பகுதியின் பரப்பு 895 சதுர கிலோமீட்டர். தாமிரபரணி பிறப்பதும் இந்த மலையில்தான். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் இந்தக் காட்டின் தயவு.

திறந்துவிடச் சொல்லலாமா?

சைக்கிள்காரர்கள் மத்தியில் ஒரு வாதம் ஓடுகிறது. காருக்கு அனுமதி உண்டு. அது புகை விடுகிறது, ஹாரன் அடிக்கிறது. சைக்கிள் சத்தம் போடாது, புகை விடாது, பெட்ரோல் குடிக்காது. அப்படியிருக்க அதை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காடு வேறு கணக்கில் ஓடுகிறது. சத்தம் போடாததுதான் சைக்கிளின் ஆபத்து. வளைவில் திரும்பும்போது எதிரே கரடியோ யானையோ நின்றால், இரண்டு பேருக்கும் முன்னறிவிப்பு கிடையாது. திடுக்கிட்ட கரடி விலகாது, பாயும். ஏற்றத்தில் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவன் எங்கே தப்பிக்க? காருக்காவது கதவு உண்டு.

இன்னொரு காரணம் மனிதர்களைப் பற்றியது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல், 8,374 ஏக்கர் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டதுதான் மாஞ்சோலைத் தோட்டம். குத்தகை முடிவது 2028-ல். அதற்கு முன்பே 2024-ல் குத்தகை எடுத்த நிறுவனம் தோட்டத்தை மூட முடிவெடுத்து, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள் வழக்கும் கண்ணீருமாகக் கீழே இறங்க வேண்டி வந்தது. காட்டுக்காக அவர்களை இறங்கச் சொன்ன சாலையில், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு எங்களை ஏற விடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே கேட் கேட்டாகவே இருக்கட்டும். சைக்கிள்காரர்கள் சண்டை போட வேண்டிய இடம் அது இல்லை. அது எங்கே என்பது செங்கோட்டைப் பக்கம் போனால் தெரியும்.

காற்றும் ஒரு மலைதான்

கேட் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து பொட்டல்புதூர், கடையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு. கடையம், பாரதியின் செல்லம்மா பிறந்த ஊர்; 1918-லிருந்து சில காலம் பாரதி வாழ்ந்த ஊர். அதைத் தாண்டினால் தோரணமலை. எங்கே திரும்பினாலும் இடப்பக்கம் மலை கூடவே வருகிறது. தமிழ்நாட்டில் இத்தனை அழகான அடிவாரச் சாலை வேறு இருக்கிறதா என்று கேட்டால், இந்தப் பக்கத்துக்காரன் என்ற முறையில், இல்லை என்றுதான் சொல்வேன்.

செங்கோட்டையில் மலைத்தொடர் குனிந்து வழிவிடுகிறது. அந்த வழியாகத்தான் 1904-ல் கொல்லத்துக்கு ரயில் போனது. கழுதுருட்டி 13 கண் பாலம் அந்தக் காலத்துக் கல் வேலை. ரயில் போகிற கணவாய் என்றால் ஏற்றம் மிதமாகத்தான் இருக்கும். புளியரை தாண்டி எஸ் வளைவு, கோட்டைவாசல், அதற்கப்பால் கேரளம். கொல்லிமலை ஏறியவனுக்கு இது கால் நீட்டிச் சோம்பல் முறிப்பது மாதிரி.

ஆனால் ஆனி, ஆடியில் வந்து பாருங்கள். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று இந்தக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். பாவூர்சத்திரத்திலிருந்து மேற்கே திரும்பினால் முகத்தில் அறையும். கியரைக் குறைத்து, தலையைக் குனிந்து, முழங்கையை மடக்கி மிதித்தாலும் ஸ்பீடோமீட்டர் பதினைந்தைத் தாண்டாது. மலைக்கு உச்சி உண்டு. ஏறிவிட்டால் இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது. திரும்பும்போதுதான் கூலி கிடைக்கும்: மிதிக்காமலே முப்பத்தைந்தில் தள்ளிக்கொண்டு வரும்.

காற்றைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது டிப்பர் லாரி.

பாரம் ஏற்றிய சாலை

தென்காசி மாவட்டக் குவாரிகளின் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் கேரளத்துக்குப் போகும் வாசல் புளியரை. அளவுக்கு மீறிய பாரம், தார்ப்பாய் போடாத லாரி, பெயர்ந்து போன சாலை என்று அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாக மறியல் செய்கிறார்கள், மனு கொடுக்கிறார்கள். காரில் போகிறவருக்கு அது எரிச்சல். இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு உயிர்.

லாரி கடக்கும் அந்த மூன்று நொடியை ஓட்டியவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் பின்னால் ஒரு உறுமல். அப்புறம் முதுகில் ஒரு சூடு. பக்கவாட்டில் காற்றுச் சுவர் வந்து வெளியே தள்ளும். லாரி முன்னே போனதும் அதே காற்று உள்ளே இழுக்கும். தள்ளும்போது எதிர்த்துச் சாய்ந்த உடம்பு, இழுக்கும்போது பின்சக்கரத்துக்கு அருகே போய் நிற்கும். கைப்பிடியைக் கெட்டியாகப் பிடிக்கலாம். தாரின் விளிம்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பல இடங்களில் தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம். அதற்கப்புறம் சரளை. டயர் இறங்கினால் ஏறாது.

2024 பிப்ரவரியில் புளியரை எஸ் வளைவுப் பக்கம் ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து மேலே சாலையிலிருந்து கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். அருகில் குடியிருந்த முதிய தம்பதி, டார்ச் லைட்டோடு இருட்டில் தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் பாராட்டிப் பரிசு கொடுத்தார். நாடே அந்தத் தம்பதியைக் கொண்டாடியது; கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்தச் சாலையின் கதையும் அதில் இருக்கிறது. ஒரு லாரி அங்கே தவறினால் விழுவதற்கு எல்லாத் திசையிலும் யாரோ இருக்கிறார்கள்.

நெல்லை – தென்காசி சாலை நான்குவழியாக அகலமானது. கார்கள் பறக்கின்றன. ஆனால் அகலப்படுத்தும்போது போன மரங்களின் நிழல் திரும்பவில்லை. வேகம் கூடிய சாலையில் மெதுவாகப் போகிறவனின் இடம் எது என்பதையும் யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை.

காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஏன் கொல்லிமலைக்குப் போகிறார்கள் என்று கேட்டோமே, பதில் இதுதான். பாதிப் பேர் மலையேறுவதற்காகப் போகிறார்கள். மீதிப் பேர் இந்தச் சாலையைத் தவிர்ப்பதற்காகப் போகிறார்கள்.

---

■ தமிழகத்தின் கொண்டை ஊசிகள்

• கொல்லிமலை: காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள். எண் எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். அறுபதுக்கு மேல் எழுத்து மங்கும் – பலகையில் அல்ல, கண்ணில்.

• வால்பாறை: ஆழியாறிலிருந்து 40 வளைவுகள்.

• கல்லட்டி: மசினகுடி – ஊட்டி வழியில் 36 வளைவுகள். 2008-ல் தொடங்கி நடந்துவரும் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்தில் எல்லோரையும் நடுங்கவைக்கும் செங்குத்து.

• ஏற்காடு: சேலத்திலிருந்து 20 வளைவுகள். முதன்முதலாக மலையேறுகிறவர்களுக்கு ஏற்றது.

---

ஊருக்கு என்ன லாபம்?

பணக்காரர் விளையாட்டுக்கு எதற்கு இத்தனை கவலை என்று கேட்கலாம். லட்ச ரூபாய் சைக்கிள்களும் இருக்கின்றன, உண்மை. ஆனால் சைக்கிள்காரன் காரில் வருகிறவனைப் போல ஊரைத் தாண்டிப் போகிறவன் இல்லை. முப்பது கிலோமீட்டருக்கு ஒருதரம் அவனுக்குப் பசிக்கும். இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய், எலுமிச்சம்பழச் சோடா. குளிரூட்டிய ஓட்டல் அவனுக்கு ஆகாது, சைக்கிளைக் கண்ணில் படும்படி சாத்தி வைக்கும் இடம் வேண்டும். அது டீக்கடைதான்.

இன்னொரு பிழைப்பும் இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடைகள் இந்த ஊர்களில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. தாழ்வாரத்தில் தொங்கிய ட்யூப், தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்க்கும் வித்தை, போக்ஸ் கம்பியைத் திருகி வீல் கோட்டம் எடுக்கும் காது – எல்லாம் அந்தக் கடைக்காரர்களோடு போகிறது. கோட்டம் எடுப்பது கண்ணால் மட்டும் செய்யும் வேலை இல்லை. கம்பியைச் சுண்டி, அது தரும் ஓசையில் இழுவையைத் தெரிந்துகொள்வார்கள். இன்றைய கியர் சைக்கிளுக்கும் அதே வித்தைதான் வேண்டும். புதிய கருவிகள் இரண்டைக் கற்றுக்கொண்டால் பழைய கடைக்குப் புதிய வாழ்வு உண்டு.

பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் இதைச் சம்பாத்தியமாகவே மாற்றிவிட்டார்கள். 1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம், 1910-ல்தான் முதன்முதலாகப் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களில் ஏறியது. தூர்மலே கணவாய் 2,115 மீட்டர். அந்த வருடம் பந்தயத்தை வென்ற லபீஸ், வழியில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தியதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இன்று ஆல்ப் துயேஸ் என்ற மலைச் சாலையின் 21 வளைவுகளிலும் வென்றவர்களின் பெயர்ப் பலகை. பந்தயம் இல்லாத நாளிலும் உலகமெங்கிலும் இருந்து ஆள் வந்து ஏறுகிறார்கள். அங்கே மலைச் சாலைகளில் கிலோமீட்டருக்கு ஒரு கல். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், அடுத்த கிலோமீட்டர் எத்தனை சதவீதம் ஏறும் என்பது அதில் எழுதியிருக்கும். செலவு ஒரு கல், கொஞ்சம் பெயின்ட்.

இலங்கையைப் பாருங்கள். நம் பொதிகை உச்சி ஏறத்தாழ 1,868 மீட்டர். நுவரெலியா நகரம் இருப்பதும் ஏறத்தாழ அதே உயரத்தில். இங்கே அனுமதிச் சீட்டோடு ஒருசிலர் நடந்து தொடும் உயரத்தில், அங்கே கடைத்தெருவும் பஸ் நிலையமும் இருக்கின்றன. ரம்பொடை வழியாகச் சைக்கிளில் ஏறுகிறார்கள். பொறாமைப்பட வேண்டியதில்லை. அங்கே காடு அழிந்துதான் தேயிலை வந்தது; இங்கே காடு மிஞ்சியதால்தான் ஆறு ஓடுகிறது. உச்சியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நமக்கு அடிவாரம் போதும், அதை ஒழுங்காக வைத்துக்கொண்டால்.

---

■ இறங்கும்போது கவனம்

• ஏற்றத்தில் விழுகிறவர் எழுந்து துடைத்துக்கொள்வார். இறக்கத்தில் அப்படி இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும்.

• பிரேக்கை அமுக்கியபடியே இறங்கினால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கலாம். பிடித்து, விட்டு, பிடித்து இறங்குங்கள். இரண்டு பிரேக்கும் சேர்ந்து.

• கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிளில் மலை இறங்க வேண்டாம். மழை நாளில் எந்தச் சைக்கிளிலும் இருமடங்கு இடைவெளி.

• முன்னும் பின்னும் விளக்கு, பளிச்சென்ற சட்டை, ஒரு ஸ்பேர் ட்யூப், காற்றடிக்கும் பம்பு. வெளிச்சம் வந்த பிறகே காட்டோரச் சாலை.

---

யாருடைய சைக்கிள்?

திரும்பி வரும்போது கடையம் தாண்டி ஒரு காட்சி. பள்ளிக்கூடச் சிறப்பு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள். ஐந்து பெண்கள், எல்லோரிடமும் ஒரே மாதிரி சைக்கிள், முன்கூடையில் பை. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்.

2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய திட்டம் அது. பிறகு 2005 வாக்கில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. திட்டம் தொடங்குவதற்குப் பத்து ஆண்டு முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்ணின் காலில் சக்கரம் கட்டினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு உலகத்துக்குக் காட்டியிருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் வரிசையாகத்தான் போனார்கள். பின்னால் டிப்பர் ஹாரன் அடித்தது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில், சொல்லிவைத்த மாதிரி, தாரிலிருந்து சரளையில் இறங்கிக் காலை ஊன்றி நின்றார்கள். லாரி போனது. தூசி அடங்கும் வரை துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுபடி ஏறி மிதித்தார்கள். யாரும் முறைக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. பழகிப்போயிருந்தது. எங்கள் ஹெல்மெட்டும் கையுறையும் அப்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஏனென்றால் இந்தச் சாலை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்குத் தினமும்.

ஆகவே இந்தக் கட்டுரையின் கோரிக்கையில் மலை இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து புளியரை வரை அடிவாரச் சாலையின் இரு ஓரத்திலும், தாருக்குச் சமமாக, ஒரு மீட்டர் அகலத்துக்குப் பள்ளமில்லாத ஓரம். பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரத்தில் பாரம் ஏற்றிய லாரிகளுக்குத் தடை. ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிற பார வரம்பையும் தார்ப்பாயையும் சாவடியில் நிஜமாகவே பார்ப்பது. அணைச் சாலைகளில் கிலோமீட்டருக்கு ஒரு கல். மூன்று நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை வேலை. ஒன்று பெயின்டர் வேலை. வனத்துறையிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

மாவட்ட நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஆய்வுக்கு ஜீப்பில் வராதீர்கள். ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, ஆழ்வார்குறிச்சியிலிருந்து கடையம் வரை, அந்த விலையில்லா சைக்கிளில் ஒன்றை வாங்கி ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை.